ஊசிக்குப் பிறகு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?



போன புதன்கிழமை பேத்திக்கு ஐந்து வயது ஊசி போட ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தோம். ஊசி போட்டதும் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார்கள். அப்போது மருமகள் கேட்டாள்: "மாமா, ஒருவேளை ஏதாவது ஆயிட்டா யாரு பொறுப்பு?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன். ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலமே பேத்தி தெருவில் ஓடிக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் கேட்டது 'ஆகுமா' என்றல்ல, 'யார் பொறுப்பு' என்று. கேட்ட கேள்விக்குப் பதில் எழுதாமல் வேறு எதையோ எழுதிவைத்தால் நான் உங்களுக்கு மதிப்பெண் போட்டதில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி நீதிமன்றத்தில் பெரிதாக எழுந்தது அமெரிக்காவில். 1952-இல் மட்டும் அங்கே சுமார் 58,000 பேருக்கு இளம்பிள்ளை வாதம் வந்தது. கோடை வந்தாலே நீச்சல் குளங்களை மூடிவிடுவார்கள். அந்தப் பயத்துக்கு நடுவில், 1955 ஏப்ரல் 12 அன்று, ஜோனாஸ் சால்க்கின் தடுப்பூசி வேலை செய்கிறது என்று அறிவித்தார்கள். தேவாலயங்களில் மணி அடித்துக் கொண்டாடினார்கள். அன்றைக்கே ஐந்து நிறுவனங்களுக்கு உரிமமும் கொடுத்தார்கள்.

அவற்றில் ஒன்று கலிபோர்னியாவின் கட்டர் நிறுவனம். போலியோ கிருமியை ஃபார்மால்டிஹைடு கொண்டு கொன்று தடுப்பூசி செய்ய வேண்டும். கட்டரின் சில தொகுதிகளில் கிருமி முழுதாகச் சாகவில்லை. அரசு ஆய்வகத்தில் வேலை பார்த்த பெர்னிஸ் எடி என்ற பெண் விஞ்ஞானி, அந்நிறுவனத்தின் மாதிரிகளைச் செலுத்திய குரங்குகளுக்கு வாதம் வந்ததைக் கண்டு முன்பே எச்சரித்திருந்தார். அது கேட்க வேண்டியவர்கள் காதில் ஏறவில்லை. ஊசி போட்ட குழந்தைகளுக்கும், அவர்களிடமிருந்து தொற்றிய வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நோய் வந்தது. ஏறத்தாழ 200 பேருக்குக் கைகால் விளங்காமல் போனது. 10 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 27-ஆம் தேதியே கட்டர் ஊசி திரும்பப் பெறப்பட்டது.

அப்படிக் கால்கள் செயலிழந்த ஒரு ஐந்து வயதுச் சிறுமிக்காகவும் இன்னொரு குழந்தைக்காகவும் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். வழக்கறிஞர் மெல்வின் பெல்லி. 1958 ஜனவரியில் வந்த தீர்ப்பைக் கவனியுங்கள். நிறுவனம் கவனக்குறைவாக இருந்தது என்று ஜூரிகள் சொல்லவில்லை. அன்றைய அறிவுக்குத் தெரிந்ததை அது செய்தது என்றே ஏற்றுக்கொண்டார்கள். ஆனாலும் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றார்கள். நோயைத் தடுக்கும் என்று விற்ற பொருள் அந்த நோயையே கொடுத்தால், விற்றவர் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் சாரம். இரு குழந்தைகளுக்கும் சேர்த்து ஒரு லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. 1960-இல் மேல்முறையீட்டிலும் இதே தீர்ப்பு நின்றது.

நியாயம்தான். ஆனால் கதை இதோடு முடியவில்லை. 1980-களில் கக்குவான் இருமலுக்கான முத்தடுப்பு ஊசியால் மூளை பாதித்தது என்று வழக்குகள் குவிந்தன. விலை பல மடங்கு ஏறியது. நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகின. ஊசியே கிடைக்காமல் போகுமோ என்ற நிலை. அந்தப் பழி எவ்வளவு சரி என்பதும் பின்னால்தான் தெரிந்தது. 2006-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், ஊசியால் மூளை பாதித்ததாகக் கருதப்பட்ட 14 பேரைச் சோதித்தார்கள். 11 பேருக்கு வலிப்பை உண்டாக்கும் மரபணுக் கோளாறு இருந்தது. ஊசிக்குப் பிறகு நடந்ததெல்லாம் ஊசியால் நடந்ததல்ல. அதற்காக அந்தத் தாய்மார்கள் பட்ட துன்பம் பொய்யும் அல்ல.

இதற்கு அமெரிக்கா 1986-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஊசியின் ஒவ்வொரு தவணையிலும், அது தடுக்கும் நோய் ஒன்றுக்கு 75 சென்ட் வரி. அந்தப் பணம் தனி நிதியில் சேரும். பாதிக்கப்பட்டவர் நிறுவனத்தின் தவறை நிரூபிக்க வேண்டியதில்லை. எந்த ஊசிக்கு, எவ்வளவு நேரத்துக்குள், என்ன பாதிப்பு வந்தால் ஊசியே காரணம் என்று கொள்ளலாம் என ஓர் அட்டவணை உண்டு. கடும் ஒவ்வாமை நான்கு மணி நேரத்துக்குள் வந்தால் அதில் சேரும். அட்டவணையில் இல்லாததை ஆதாரத்தோடு நிரூபிக்க வேண்டும். நியாயமான காரணத்தோடு வந்தவர் தோற்றாலும் வக்கீல் செலவை நிதியே ஏற்கும். குறைகளும் உண்டு. வலிக்கும் வேதனைக்கும் 2,50,000 டாலர்தான் உச்சவரம்பு என்று அன்று வைத்ததுதான். பிரிட்டன் இதற்கு முன்பே, 1979-இல், தனிச் சட்டம் போட்டது.

நம் நாட்டில்? கொரோனா ஊசிக்குப் பின் மகளை இழந்த பெற்றோர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2022 நவம்பரில் மத்திய அரசு அங்கே சொன்ன பதில், இழப்பீடு வேண்டுமென்றால் உரிமையியல் நீதிமன்றத்தை நாடலாம் என்பது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வக்கீல் பிடித்து, மருத்துவச் சாட்சி தேடி, வாய்தா வாய்தாவாக அலைய வேண்டும் என்று அதற்குப் பொருள்.

தடுப்பூசி வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. கட்டர் விபத்து நடந்த இரண்டே ஆண்டில், 1957-இல், அமெரிக்காவில் போலியோ ஆறாயிரத்துக்கும் கீழே இறங்கியது. அதைச் செய்தது தடுப்பூசிதான். நானும் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் சொட்டு மருந்து முகாமில் உட்கார்ந்து, பிள்ளைகள் விரலில் மை வைத்தவன்.

ஊர்க் கண்மாயை மராமத்துப் பார்க்க வீட்டுக்கு ஓர் ஆள் போவார்கள். அந்த வேலையில் ஒருவருக்குக் கால் ஒடிந்தால், "யார் தப்பு?" என்று விசாரித்து முடிக்கும் வரை அவர் வீட்டு அடுப்பு காத்திருக்குமா? தண்ணீர் எல்லோருக்கும் என்றால் அவர் பாடும் எல்லோருக்கும்தான். தடுப்பூசியும் அப்படித்தான். ஊருக்காகவும் சேர்த்து ஒரு குழந்தை கையை நீட்டுகிறது. லட்சத்தில் ஒன்றாக அது பாதிக்கப்பட்டால் ஊர்தான் தாங்க வேண்டும்.

மருமகளுக்கு என் பதில் இதுதான்: "நாம எல்லாரும்தாம்மா பொறுப்பு. அதைச் சட்டத்துல எழுதி வைக்கணும்."

உங்களில் வக்கீல்களும் டாக்டர்களும் செவிலியர்களும் இருக்கிறீர்கள். நான் தவறாக ஏதும் எழுதியிருந்தால் திருத்துங்கள். இப்போது சிவப்பு மை உங்கள் கையில்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்