கணக்கெடுப்பும் சித்தாந்தமும்

புள்ளியியல், சமூகப்பணி, இடைக்கால மெய்யியல் மூன்றையும் ஒருவரே பயின்ற கொழும்புத் தமிழ் மரபுக்குச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் (1853–1924) தலைசிறந்த சான்றாவார். கொட்டாஞ்சேனையை அடுத்த கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலை நிறுவிய குடும்பத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் கற்று, 1875இல் குடிசார் சேவையில் சேர்ந்த அவர், 1901ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டை, அதாவது மக்களை எண்ணி இனம், சமயம், தொழில் என வகுக்கும் அரச கணக்கெடுப்பை, நடத்தினார். அதன் அறிக்கை அட்டவணைகளோடு நில்லாமல் இலங்கை வரலாற்றையும் சமயங்களையும் ஆராய்ந்தது, அரச ஏடுகளில் காண்பதற்கு அரிய தன்மையே.

1915இல் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தைத் தொடக்கினார். மாணிக்கவாசகரை ஆங்கிலத்தில் பெயர்த்ததோடு, 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் முறைப்படுத்திய சைவ சித்தாந்தத்தை, அதாவது இறை, உயிர், தளை மூன்றும் அநாதி எனக் கொள்ளும் தத்துவத்தை, ஆழ்ந்து கற்ற அவருடைய சமய, மெய்யியல் கட்டுரைகளும் மொழிபெயர்ப்புகளும் 1937இல் தொகுப்பு நூலாக வெளிவந்தன.