முதல் இந்திப் புத்தகம்: தேங்காய்ப்பட்டணத்திலிருந்து ஒரு குறிப்பு

வளைகுடாவிலிருந்து லீவுக்கு ஊர் வரும் சொந்தக்காரர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: "பிள்ளைக்கு ஸ்கூல்ல இந்தி இருக்கு. வீட்டுல யாருக்கும் தெரியாது. என்ன புக் வாங்கலாம்?" இந்தி வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம், அதற்குள் நான் போகவில்லை. படித்தே ஆகவேண்டிய நிலையில் ஒரு குழந்தை இருக்கிறது. அதன் கையில் எதைக் கொடுப்பது? இதற்குப் பதில் தேடப்போய் எங்க ஊர் வரலாற்றில்தான் வந்து நின்றேன்.

கடையில் கிடைக்கும் படப் புத்தகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். ஒரு எழுத்து, ஒரு படம், ஒரு சொல். கபூதர் (புறா), கர்கோஷ் (முயல்), கம்லா (பூந்தொட்டி), கடி (கடிகாரம்). தமிழில் எழுதும்போது நாலும் ஒரே 'க'. இந்தியில் நாலும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு ஒலி. இது ஒரு சிக்கல்தான், ஆனால் பெரிய சிக்கல் வேறு. பாட்னாவில் இருக்கும் குழந்தை புறா படத்தைப் பார்த்ததுமே 'கபூதர்' என்று சொல்லிவிடும். அதற்குப் புதுசு எழுத்து மட்டும்தான். நம்ம குழந்தை அதே படத்தைப் பார்த்து 'புறா' என்கிறது. எழுத்தும் புதுசு, சொல்லும் புதுசு. அங்கே உதவி செய்யும் படம் இங்கே குழப்புகிறது. பிறகு பள்ளியில் 'இந்தியில் வீக்' என்று ஒரு பெயர் வேறு வந்துவிடும்.

தமிழ்நாட்டில் இந்தி கற்பிப்பதற்கு நூறு வருஷத்துக்கு மேல் வரலாறு இருக்கிறதே, இதற்கு வழி இருந்திருக்காதா? 1918-ல் காந்தி தன் மகன் தேவதாஸை சென்னைக்கு அனுப்பி இந்தி வகுப்பைத் தொடங்க வைத்தார். அதுதான் பின்னாளில் தட்சிண பாரத இந்தி பிரச்சார சபாவாக வளர்ந்தது. ஆனால் முதலில் வந்து உட்கார்ந்தவர்கள் தங்கள் மொழியில் நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள். பிராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா என்று போகும் சபா படிப்பும் தேர்வை வைத்து அமைந்ததுதான். பாடம், சொற்பொருள், மொழிபெயர்ப்புப் பயிற்சி. அதில் படித்து மேலே வந்தவர்கள் ஏராளம். ஆனால் ஆறு வயதுக் குழந்தை மடியில் வைத்துப் புரட்டுகிற புத்தகம் அதுவல்ல.

இனி எங்க ஊர். 1938-ல் ராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியதும், போராட்டத்துக்குப் பிறகு 1940-ல் அது கைவிடப்பட்டதும் சென்னை மாகாணத்துக் கதை. தேங்காய்ப்பட்டணம் அப்போது திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம். அதுவரை பலருக்குப் பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ், மதரஸாவில் அரபி. எங்க ஊர்க்காரரான தோப்பில் முஹம்மது மீரான் பள்ளியில் மலையாளம் படித்தவர்தான். தமிழில் நாவல் எழுதி 1997-ல் 'சாய்வு நாற்காலி'க்காக சாகித்ய அகாதமி விருது வாங்கினார்.

என் வாப்பாவும் மலையாளத்தில் படித்தவர். அவருக்கு நாலு 'க'வும் அத்துப்படி, ஏனென்றால் மலையாளத்திலும் அதே நாலு, அதே வரிசையில். 'கர்கோஷ்' என்றால் எந்தக் 'க' என்று ஒரு தடவை சொல்லிக் கொடுத்தால் போதும், சரியாகச் சொல்லிவிடுவார். பேரப்பிள்ளைகள் தமிழ் எழுத்தோடு நின்றுவிட்டார்கள். வீட்டில் மலையாளம் படித்த பெரியவர் யாராவது இருந்தால் ஒலிகளை அவர் வாயால் கேட்க வையுங்கள். எந்த ஆப்பையும் விட அது மேல்.

இன்னொரு பாடம் அரபுத் தமிழில் இருக்கிறது. தமிழ் முஸ்லிம்கள் பல நூற்றாண்டுகள் தமிழை அரபி எழுத்தில் எழுதினார்கள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருக்கிற எழுத்துகளில் புள்ளிகளைக் கூட்டிப் புது எழுத்து செய்துகொண்டார்கள். குர்ஆன் ஓதப் பழகிய பிள்ளைக்கு எழுத்து ஏற்கெனவே தெரியும், மொழியோ சொந்த மொழி. அதனால் அரபுத் தமிழ்க் கிதாபைத் திறந்தால் அர்த்தத்தோடு வாசிக்க முடிந்தது. ஒரு நேரத்தில் ஒரு புதுசு. இதுதான் சூத்திரம்.

இதையே இந்திக்குப் போட்டுப் பார்க்கலாம். முதலில் எழுத்து மட்டும் புதுசாக இருக்கட்டும். குழந்தையின் பெயர், அம்மா, மாமா, மாலா என்று தெரிந்த சொற்களை இந்தி எழுத்தில் எழுதிக் காட்டுங்கள். அடுத்து பாதி தெரிந்த சொற்கள். மதரஸாவுக்குப் போகும் பிள்ளைக்கு கிதாப், கலம், துனியா, துஆ எல்லாம் முன்பே பழக்கம். மற்ற பிள்ளைகளுக்கும் பாக்கி, வசூல், வக்கீல் காதில் விழுந்திருக்கும்.

அப்புறம்தான் கதைப் புத்தகம். இங்கே கதை தெரிந்திருக்க வேண்டும், மொழி மட்டும் புதுசு. 1996-ல் சென்னையில் தொடங்கிய தூலிகா ஒரே படக்கதையைத் தமிழிலும் இந்தியிலும் போடுகிறது. பிரதம் புக்ஸ் 2015-ல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரே கதை இரண்டு மொழியிலும் இலவசமாகக் கிடைக்கும். முதலில் தமிழில் படித்துச் சிரிக்கட்டும், ரெண்டு நாள் கழித்து இந்தியில் கொடுங்கள். என்சிஇஆர்டி 2008-ல் கொண்டுவந்த 'பர்கா' வரிசை அதற்கு அடுத்தபடி. நாலு நிலைகளில் 40 குட்டிப் புத்தகங்கள். இந்தி பேசும் குழந்தைகளை நினைத்து எழுதியவை என்பதால் முதல் நிலையில் கொஞ்ச நாள் நின்று போவது நல்லது.

கடையில் நின்று சோதிக்க ரெண்டு விஷயம். ஒன்று, ஒரு பக்கத்தில் ஒரு வாக்கியத்துக்கு மேல் இருந்தால் முதல் புத்தகமாக வேண்டாம். இரண்டு, வாசித்துக் காட்டும் ஒலிப்பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். தமிழில் புள்ளி இருப்பதால் எழுதியபடியே வாசிக்கலாம். இந்தியில் 'கமல' என்று எழுதி 'கமல்' என்று வாசிப்பார்கள். புள்ளிக்குப் பழகிய நம்ம பிள்ளைக்கு இதைக் காதால்தான் பிடிக்க முடியும்.

பிள்ளை தடுமாறினால் 'வீக்' என்று முடிவு கட்டும் முன், கையில் இருக்கும் புத்தகம் யாரை நினைத்து எழுதப்பட்டது என்று ஒருமுறை பாருங்கள்.