கவுலும் கடப்பாரையும்

18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள். செங்கல்பட்டுச் சீமை அப்போது கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீர். வேடந்தாங்கல் ஏரியில் கூடு கட்டும் பறவைகளைக் கம்பெனிச் சிப்பாய்கள் சுட்டுத் தள்ளுவதைப் பார்த்த ஊர்க்காரர்கள், நேராகக் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். கலெக்டர் லயனல் பிளேஸ் அதைக் காதுகொடுத்துக் கேட்டார். ஏரியில் யாரும் பறவைகளைச் சுடக்கூடாது என்று 1798 வாக்கில் ஊருக்கு ஒரு கவுல், அதாவது உரிமைப் பத்திரம், எழுதிக் கொடுத்தார். பின்னால் அந்தப் பத்திரம் தொலைந்துபோனது. ஊரார் அதோடு விட்டுவிடவில்லை. 1858இல் அன்றைய கலெக்டரிடம் போய் உரிமையைப் புதுப்பித்து வாங்கிவந்தார்கள்.

இந்தப் பிளேஸை மதுராந்தகத்துக்காரர்களுக்கு வேறு விதமாகத் தெரியும். பெருமழையில் மதுராந்தகம் ஏரி உடையும் தறுவாயில் இருந்தபோது, கரையில் வில்லோடு நின்று காத்த ராமனை நேரில் கண்டு தாயார் சன்னதியைக் கட்டிக்கொடுத்த கலெக்டர் அவர்தான் என்பது ஏரிகாத்த ராமர் கோயிலின் வரலாறு. பக்திக் கதை ஒருபுறம் இருக்கட்டும். ஏரி நிறைந்தால் சோறு, உடைந்தால் பஞ்சம் என்றிருந்த சீமை இது. வேடந்தாங்கல் கவுலுக்கும் அடியில் இருந்தது அதே கணக்குத்தான்.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்ததும் நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, வக்கா, கரண்டிவாயன், பாம்புத்தாரா, நீர்க்காகம் என்று கூட்டம் கூட்டமாக வந்து, தண்ணீருக்குள் நிற்கும் கடம்பு மரங்களில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் தண்ணீரில் கரைகிறது. மதகு வழியே வயலுக்குப் பாயும்போது அது உரத்தோடு பாய்கிறது. தழைச்சத்து, மணிச்சத்து என்ற பெயர்கள் பாடப்புத்தகத்துக்கு வருமுன்பே அந்தத் தண்ணீர் பாயும் நெல் செழிப்பதை ஊர் கண்டிருந்தது. அதனால்தான் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை, மரத்தில் கை வைப்பதில்லை என்ற கட்டுப்பாடுகள் காவலர் இல்லாமலே நின்றன.

உயிரினத்தை அது வாழும் இடத்திலேயே வைத்துக் காப்பது என்ற முறைக்கு உலகம் பெரும்பாலும் காட்டும் முதல் எடுத்துக்காட்டு அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா. அது 1872இல் வந்தது; வேடந்தாங்கல் கவுல் அதற்கு முக்கால் நூற்றாண்டு மூத்தது. வயதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. யெல்லோஸ்டோனில் காட்டைக் காப்பதற்காக அங்கிருந்த பூர்வகுடிகள் வெளியேற்றப்பட்டார்கள். வேடந்தாங்கலில் காப்பு வேண்டும் என்று கேட்டதே குடிமக்கள். சூழலியல் வரலாற்றை எழுதுபவர்கள் இதற்கு இன்னும் உரிய இடம் கொடுக்கவில்லை.

அரசின் அங்கீகாரம் படிப்படியாகவே வந்தது. 1936இல் சரணாலயமாக ஏற்கப்பட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு வலு சேர்த்தது. ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். ஆனால் பறவை தூங்குவதும் குஞ்சு பொரிப்பதும் மட்டுமே இங்கே. இரை தேடுவது சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் நெல்வயல்களிலும். அதை உணர்ந்துதான் 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயப் பகுதி என அறிவித்தார்கள். 2020இல் அந்த எல்லையை 3 கிலோமீட்டராகச் சுருக்க ஒரு முன்மொழிவு வந்தது. சூழலியலாளர்களும் உழவர்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தபின் அது கைவிடப்பட்டது. அது நிறைவேறியிருந்தால் கூட்டை வைத்துக்கொண்டு உணவுத்தட்டைப் பறித்ததாக ஆகியிருக்கும். 2022இல் வேடந்தாங்கலும் பக்கத்துக் கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன.

அங்கிருந்து கிழக்கே, கடற்கரைப் பக்கம் நடந்தது வேறொரு கதை.

செங்கல்பட்டின் புதர்க்காடுகளிலும் வரப்புகளிலும் பாம்பு பிடித்தவர்கள் இருளர். கையில் ஒரு கடப்பாரை, தோளில் ஒரு துணிப்பை. மண்ணில் பாம்பு ஊர்ந்துபோன தடம், வளைவாயிலின் வழவழப்பு, உரித்துப்போட்ட சட்டை ஆகியவற்றை வைத்தே உள்ளே இருப்பது என்ன, இருக்கிறதா போய்விட்டதா என்று சொல்லக்கூடியவர்கள். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அந்த அறிவு தோல் வியாபாரத்துக்குத் தீனியாயிற்று. பாம்புத்தோல் பையாகவும் செருப்பாகவும் வெளிநாடுகளில் விலைபோனது. பிடித்துக் கொடுத்த இருளருக்குக் கிடைத்ததோ சில காசு. 1972ஆம் ஆண்டின் சட்டமும் 1976இல் வந்த ஏற்றுமதித் தடையும் அந்த வியாபாரத்தை நிறுத்தின. பாம்புக்கு அது விடுதலை. இருளர் குடும்பத்துக்கு அடுப்பு அணைந்த நாள். காட்டில் காலங்காலமாகச் செய்துவந்த தொழில் ஒரே நாளில் குற்றமாயிற்று.

சென்னையில் பாம்புப் பண்ணை நடத்திவந்த ரோமுலஸ் விட்டேகர், பாம்பைப் பற்றிய பாடத்தில் பாதியை இருளரிடம் கற்றவர். அவரும் இருளரும் சேர்ந்து கண்ட வழிதான் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். மாமல்லபுரத்துக்கு வடக்கே வடநெம்மேலியில் அது இயங்குகிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் வனத்துறை உரிமத்தோடு உயிரோடு பிடிக்கிறார்கள். மணல் பரப்பிய மண்பானையில் வைத்துப் பானையின் வாய்க்குத் துணி கட்டுகிறார்கள். சில வார இடைவெளிக்குள் சில முறை நஞ்சு எடுத்தபின், அடையாளத்துக்காக வயிற்றுச் செதிலில் சிறு வெட்டு போட்டுக் காட்டில் விடுகிறார்கள். அந்தச் செதில் மறுபடி வளர்வதற்குள் அதே பாம்பைப் பிடித்தால் அடையாளம் தெரிந்துவிடும். மீண்டும் நஞ்சு எடுக்கமாட்டார்கள். எடுத்த நஞ்சு உறைய வைத்து உலர்த்தப்பட்டு மருந்து நிறுவனங்களுக்குப் போகிறது. அங்கே குதிரைக்குச் சிறுசிறு அளவில் செலுத்தி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து விஷமுறிவு மருந்து செய்கிறார்கள். இந்தியாவில் பாம்பு கடித்துப் பிழைத்த எத்தனையோ பேரின் உடலில் செங்கல்பட்டுக் கடப்பாரையின் உழைப்பு ஓடியிருக்கிறது. 2017இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா சதுப்புக்காட்டில் பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடிக்க மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்கள் அழைக்கப்பட்டார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

சங்கம் இயங்கும் இடம் முதலைப் பண்ணையின் வளாகம். விட்டேகரும் அவருடைய அப்போதைய மனைவி ஸாய் விட்டேகரும் 1976இல் தொடங்கியது அது. தோலுக்காக வேட்டையாடப்பட்டும், முட்டைகள் களவாடப்பட்டும், அணைகளால் ஆறுகள் மாறியும் இந்தியாவின் மூன்று முதலை இனங்களும் அப்போது நலிந்திருந்தன. அவற்றில் ஒன்றான கரியால் 200க்கும் கீழே போய்விட்டது என்ற அச்சம் இருந்தது. 1975இல் மத்திய அரசு ஐ.நா. அமைப்புகளின் உதவியோடு முதலைத் திட்டத்தைத் தொடங்கியது. வாழிடத்துக்கு வெளியே வளர்த்துப் பெருக்கி, மறுபடி ஆற்றில் விடுவது என்பது திட்டம்.

வெளியே வைத்துக் காப்பது என்றால் அதுவரை இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் மிருகக்காட்சி சாலைதான். எட்வர்ட் பால்ஃபர் 1855இல் சென்னையில் தொடங்கி, 1985இல் வண்டலூருக்கு வந்து சேர்ந்தது அது. அதன் முதல் நோக்கம் காட்டுவது. வடநெம்மேலியின் நோக்கம் திருப்பி அனுப்புவது.

பெருக்கும் வேலை எதிர்பார்த்ததைவிட நன்றாகவே நடந்தது. அங்கிருந்த சதுப்புநில முதலைகள் ஒரே ஆண்டில் இரண்டு முறை முட்டையிட்டதைப் பதிவுசெய்தார்கள். முட்டை இருக்கும் மணலின் வெப்பமே குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பதையும் அளந்து பார்த்தார்கள். 31 டிகிரி வரை பெண்ணே பிறக்கிறது, 32.5 டிகிரியை ஒட்டி ஆண். காட்டில் எந்த இடத்தில் கூடு அமைகிறது என்பது அடுத்த தலைமுறையின் ஆண்பெண் கணக்கையே மாற்றும் என்பது இதனால் தெளிவாயிற்று. பண்ணைக் குஞ்சுகளும் முட்டைகளும் பல மாநிலங்களுக்குப் போயின.

பிறகு இடம் தீர்ந்துபோனது. அணைக்கட்டும் மணல் குவாரியும் மீன்வலையும் இல்லாத ஆறு எங்கே இருக்கிறது? முதலையும் மனிதரும் மோதும் இடங்கள் பெருகியதால் 1990களில் அரசு விடுவிப்பை நிறுத்தியது. பண்ணையிலோ முதலைகள் ஆயிரக்கணக்கில். பெருக்குவதற்காகத் தொடங்கிய இடத்திலேயே முட்டைகளை எடுத்துக் குஞ்சு பொரிக்காமல் தடுக்க வேண்டிவந்தது. 2022இல் நெரிசலைக் குறைக்க முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள விலங்குக் காப்பகத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். இதைப் பண்ணையின் தோல்வி என்று சொல்வது அநியாயம். பண்ணை தன் பங்கைச் செய்து முடித்தது; ஆறுகளைக் காக்கவேண்டியவர்கள் தங்கள் பங்கைச் செய்யவில்லை.

வாழிடத்திலேயே காப்பது, வெளியே வைத்துக் காப்பது என்ற இரண்டு முறைகளுக்கும் நடுவில் நிற்பது பங்குனி ஆமை என்ற கடலாமை. கோவளம் தொடங்கி மாமல்லபுரம் தாண்டியும் உள்ள மணலில் தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி, ஒரு குழிக்கு நூறு முட்டைக்கு மேல் இடும். 1970களின் முதற்பாதியில் அந்த முட்டைகள் சந்தையில் விற்கப்பட்டன. அப்போதுதான் சென்னையில் சிலர் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைக்கத் தொடங்கினார்கள். 1980களில் வனத்துறை அந்த வேலையை ஏற்றது. 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்றும் சேர்ந்தது. அதே கடற்கரை, அதே மணல். நாய்க்கும் நரிக்கும் ஆளுக்கும் எட்டாத சில மீட்டர் தள்ளி, அவ்வளவுதான். ஏழு வாரம்போல் கழித்துக் குஞ்சு வெளிவந்ததும் கடலில் விடுகிறார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடுதி விளக்குகளைக் கடல் வெளிச்சம் என்று நம்பிக் குஞ்சுகள் நிலத்தின் பக்கம் ஊர்ந்து சாகும் ஆபத்தும் இதனால் தவிர்கிறது.

ஆனால் மணலில் செய்யும் எந்த வேலையும் கடலுக்குள் எட்டுவதில்லை. 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கரைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவைமடியில் சிக்கி மேலே வரமுடியாமல் போனால் மூச்சுத் திணறிச் சாகும். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைமடி விசைப்படகு தொழில் செய்யக்கூடாது என்று விதி ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பகுதி ஃபைபர் படகிலும் கட்டுமரத்திலும் போகும் கரையோர மீனவர்களின் தொழிலிடம். விசைப்படகு உள்ளே வந்தால் அவர்கள் வலையும் அறுபடுகிறது, மீனும் போகிறது. ஆமைக்கும் அவர்களுக்கும் வழக்கு ஒன்றே. அந்த 5 மைலில் இரவு ரோந்து எப்படி நடக்கவேண்டும் என்று தெரிந்தவர்கள், எந்தப் படகு எந்நேரம் உள்ளே வருகிறது என்று தினமும் கண்ணால் பார்ப்பவர்கள் கோவளம் முதல் கொக்கிலமேடு வரையுள்ள அந்தக் குப்பத்துக்காரர்கள்தான். கடல் காவலைத் திட்டமிடும் அதிகாரிகள் முதலில் போய்க் கேட்கவேண்டியதும் அவர்களைத்தான்.