ஒரு முள் போன வழி

பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில், உடைந்த ஸ்விட்சுகளுக்கும் அறுந்த கேபிள்களுக்கும் நடுவே அது மல்லாந்து கிடந்தது. இங்கிலாந்தில் ஆட்டோஜம்பிள் என்பார்கள். பழைய வண்டிகளின் உதிரிபாகங்களுக்கென்றே கூடும் சந்தை. மழையில் ஊறிய புல்வெளி, வரிசையாக மடக்கு மேஜைகள், அவற்றின் மேல் பிளாஸ்டிக் தாள். எடுத்துத் துடைத்துப் பார்த்தேன். இரண்டு அங்குல வட்டம், கறுப்பு முகம், 0 முதல் 100 வரை வெள்ளைக் கோடுகள், ‘ஆயில்’ என்ற சொல், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஸ்மித்ஸ். முள் பூஜ்யத்தில் நேராக நின்றது. எம்ஜி ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பிரித்தபோது கிடைத்தது என்றார் விற்றவர். 12 பவுண்டு கேட்டார். பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

கோவென்ட்ரியில் என் வீட்டு ஷெட்டில் நிற்பது 1970ஆம் ஆண்டின் ட்ரையம்ப் போனவில், 650 சிசி. எஞ்சினுக்குள் ஆயில் எப்படி ஓடுகிறது என்று சொல்ல அதில் ஒரே ஒரு சிவப்பு விளக்குதான் உண்டு. அழுத்தம் அநேகமாக இல்லையென்று ஆன பிறகே அது எரியும். சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு இருந்தாலும் அணைந்திருக்கும், 15 இருந்தாலும் அணைந்திருக்கும். ஓட்டுகிறவனுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் நடக்கிறது. அதற்காகத்தான் இரண்டு வருடமாக ஆயில் அழுத்தத்தைக் காட்டும் ஒரு கேஜைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்த எஞ்சினில் கனெக்டிங் ராடு கிராங்கைப் பிடித்திருக்கும் இடத்தில் உருளைகள் கிடையாது. வழவழப்பான ஷெல் பேரிங் மட்டும். உலோகத்தை உலோகம் தொடாமல் காப்பது நடுவில் நிற்கும் ஆயில் படலம்; தலைமுடியை விடப் பல மடங்கு மெல்லியது. கிராங்கின் சுழற்சியே அந்தப் படலத்தை உண்டாக்கிக்கொள்ளும். ஆயிலுக்குத் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள்வது பம்பின் பொறுப்பு. 1972இல் வந்த கவாஸாகி இசட்1 போல உருளை பேரிங் வைத்த கிராங்க் என்றால் சில பவுண்டு அழுத்தத்திலேயே சமாளித்துவிடும். ட்ரையம்பால் அது முடியாது. ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்கு 65 முதல் 80 பவுண்டு, சூடேறிய பின் ஐடிலில் 20 முதல் 25 என்று அதன் கையேடு எழுதி வைத்திருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் கேஜின் மூடியைக் கழற்றினேன். உள்ளே அரைவட்டமாக வளைந்த ஒரு வெண்கலக் குழாய். வட்டக் குழாயைத் தட்டையாக அமுக்கியதுபோல அதன் வாய். ஒரு முனை ஆயில் வரும் வழியோடு பற்றவைக்கப்பட்டிருக்கிறது. மறு முனை அடைபட்டு, ஒரு சின்ன இணைப்புக் கம்பியால் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறும்போது தட்டையான குழாய் உருண்டையாகப் பார்க்கும். அப்படிப் பார்க்கையில் வளைவும் கொஞ்சம் நிமிரும். நுனி நகர்வது ஓரிரு மில்லிமீட்டர்தான். பல்சக்கரம் அதைப் பெருக்கி முள்ளைக் கால்வட்டத்துக்கும் மேலே கொண்டுபோகிறது. மின்சாரம் வேண்டாம், பேட்டரி வேண்டாம்.

இந்தக் குழாயின் குலம் பாரிஸைச் சேர்ந்தது. யூஜின் போர்டோன் என்ற பிரெஞ்சுப் பொறியாளர் நீராவி இயந்திரத்துக்கான சுருள் குழாய் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். வளைக்கும்போது அது நசுங்கிவிட்டது. உள்ளே அழுத்தம் கொடுத்து வட்டமாக்கலாம் என்று முயன்றபோது, சுருளே அவிழ ஆரம்பித்தது. வேறொருவர் அதைக் கெட்டுப்போன குழாய் என்று மூலையில் போட்டிருப்பார். போர்டோன் நின்று பார்த்தார். 1849இல் காப்புரிமை பெற்றார். 1851இல் லண்டன் பெருங்கண்காட்சிக்கு அந்தக் கருவி வந்து பதக்கம் வாங்கியது. அதற்கு முன்னால் அழுத்தம் அளக்க நம்பத் தகுந்த வழி பாதரசத் தூண்தான். என் போனவில்லின் 75 பவுண்டைப் பாதரசத்தால் அளப்பதென்றால் ஏறக்குறைய 13 அடி உயரக் கண்ணாடிக் குழாய் வேண்டும். போர்டோனின் குழாய் அதையெல்லாம் ஓர் உள்ளங்கைக்குள் அடக்கியது. பாய்லரிலிருந்து ரயிலுக்கும், ரயிலிலிருந்து கப்பலுக்கும் லாரிக்கும் காருக்கும் அது போனது. நம் ஊர்ப் பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் ஆடுகிற முள்ளும் அதன் வாரிசுதான்.

மோட்டார் சைக்கிளிலும் ஒருகாலத்தில் அதற்கு நல்ல இடம் இருந்தது. எட்வர்ட் டர்னர் வடிவமைத்து 1937இல் ட்ரையம்ப் வெளியிட்ட ஸ்பீடு ட்வின்னில், பெட்ரோல் டேங்கின் முதுகில் ஒரு கருவிப் பலகை பதித்திருந்தார்கள். ஆம்ப் மீட்டர், விளக்கு ஸ்விட்ச், பக்கத்திலேயே ஆயில் பிரஷர் கேஜ். தலையைக் கொஞ்சம் தாழ்த்தினால் போதும், எஞ்சினின் நாடி தெரியும். கோவென்ட்ரியில் இருந்த ட்ரையம்ப் தொழிற்சாலை 1940 நவம்பர் குண்டுவீச்சில் அழிந்தது. 1942இல் பக்கத்து ஊரான மெரிடனில் புதிதாக எழுந்தது. போர் முடிந்து, 1949ஆம் ஆண்டு வண்டிகளில் ஹெட்லைட்டையும் ஸ்பீடோமீட்டரையும் ஒரே கூட்டுக்குள் வைக்கும் அழகான முகப்பு வந்தபோது டேங்க் பலகை போயிற்று, கேஜும் கூடவே போயிற்று. பதிலுக்கு எஞ்சினின் பக்கவாட்டில் ஒரு சின்னப் பொத்தான் வைத்தார்கள். அழுத்தம் வந்தால் வெளியே துருத்தும். ஓடும் வண்டியில் முழங்காலுக்குக் கீழே குனிந்து அதை யார் பார்ப்பது? பிறகு பொத்தானும் போய் என்னுடையதைப் போன்ற சிவப்பு விளக்கு வந்தது. அந்த முகப்பு பார்க்க லட்சணமானதுதான். ஆனால் ஓட்டுகிறவரிடமிருந்து அந்த முள்ளை எடுத்தது தவறு என்றே நினைக்கிறேன்.

பொருத்தும் வேலை ஒரு சனிக்கிழமை முழுவதும் நடந்தது. விளக்குக்கான ஸ்விட்ச் எஞ்சினின் பக்க மூடியான டைமிங் கவரின் முன்பக்கம் திருகியிருக்கிறது. அந்தத் துளையிலேயே ஒரு டி இணைப்பைப் போட்டால் ஒரு கை விளக்குக்கு, மறு கை கேஜுக்கு. சொல்ல எளிது. இந்த ட்ரையம்ப்களில் சில வருடத்து வண்டிகளுக்கு நேர் மரை, சில வருடத்துக்குக் கூம்பு மரை. நேர் மரைத் துளையில் கூம்பு மரையைத் திருகி இறுக்கினால் அலுமினியக் கவர் பிளந்துவிடும். மரையளவியை வைத்து மூன்று முறை பார்த்த பிறகே கையால் திருகினேன். கேஜை அந்த டி மேலேயே உட்காரவைக்கக் கூடாது. அந்த எடை நாள் முழுக்க அதிர்ந்து கவரையே தின்றுவிடும். செப்புக் குழாயும் அதிர்வில் இறுகி ஒருநாள் முறியும். பின்னல் உறை போட்ட வளையும் ஹோஸ் வாங்கி, ஹேண்டில்பார் திரும்பும்போது இழுபடாத அளவு தளர்வு விட்டு, மேலே கொண்டுபோய் ரப்பர் வளையத்தில் கேஜைக் கட்டினேன். வழியில் ஒரு பித்தளைத் துண்டு, நடுவில் ஊசித் துளை. பம்பின் ஒவ்வொரு தள்ளலுக்கும் முள் துடிக்காமல் இருக்க அது. கிளிசரின் நிரப்பிய புது கேஜ் வாங்கியிருக்கலாமே என்றார்கள் சிலர். எஞ்சின் சூட்டில் கிளிசரின் விரிந்தால் மூடிய கூட்டுக்குள் அதுவே ஓர் அழுத்தமாகி, முள் குறைத்துக் காட்டும். இந்தப் பழைய உலர்ந்த கேஜே எனக்குப் போதும்.

முதல் உதையில் முள் எழுந்தது. குளிர்ந்த ஆயில், 80 பவுண்டு. அழுத்தம் என்பது ஆயிலின் அளவல்ல, அது போகிற வழியில் சந்திக்கும் தடை என்பதை அன்று கண்ணாலேயே பார்த்தேன். ஆயில் சூடேறி இளகஇளக முள் இறங்கியது. இருபது மைல் ஓட்டி வீடு திரும்பி ஐடிலில் விட்டேன். 10. சிவப்பு விளக்கு இருளாகவே இருந்தது. எத்தனை மாதமாக இப்படி ஓட்டிக்கொண்டிருந்தேனோ என்று அடிவயிறு கலங்கியது.

முதலில் கேஜையே சந்தேகப்பட்டு இன்னொன்றோடு ஒப்பிட்டேன், அது சரிதான். பம்பைக் கழற்றி வால்வுக் குண்டுகளைத் துடைத்தேன். ஒரு துளி அழுக்கு குண்டுக்கடியில் மாட்டினாலும் அழுத்தம் கசிந்துவிடும். முள் அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் டைமிங் கவருக்குள், கிராங்கின் நுனி நுழையும் இடத்தில் இருக்கும் சீலைப் பார்த்தேன். ஆயில் கிராங்குக்குள் போக அந்த நுனிதான் வாசல். சீல் அந்த வாசலின் காவல். அதன் உதடு கல்லாக இறுகி, தேய்ந்து போயிருந்தது. சில பவுண்டு விலைதான் புதிய சீலுக்கு. மாற்றிய அன்று சூடான ஐடிலில் முள் 22இல் நின்றது.

மெரிடன் தொழிற்சாலையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். தொழிலாளர்களே கூட்டுறவாக அதை நடத்திய காலத்திலும், 1983இல் கதவு மூடும்வரை, அங்கிருந்தவர். தொழிற்சாலை இருந்த இடத்தில் இப்போது வீடுகள். தெருவின் பெயர் போனவில் குளோஸ். அங்கே அவரை வரச்சொல்லி வண்டியைக் காட்டினேன். கேஜைக் குனிந்து பார்த்தார், முகம் மலர்ந்தது. பிறகு கேட்டார்: “கிராங்கை எப்போது பிரித்தீர்கள்?” நான் வாங்கியதிலிருந்து பிரித்ததே இல்லை.

கிராங்கின் வயிற்றுக்குள் ஒரு குழாய் உண்டு. சுழலும் வேகத்தில் ஆயிலின் கசடெல்லாம் வெளிப்புறம் ஒதுங்கி அதில் படியும். நிரம்பிவிட்டால் அதற்கப்பால் இருக்கும் பேரிங்குகளுக்கு ஆயில் போகாது. என் கேஜ் ஆயிலைத் தொடுவது அதற்கு முன்னால். வழி அடைத்தால் முள் இறங்காது, உயரவே செய்யும். எழுபத்தைந்தைப் பார்த்து நிம்மதியாகப் போகாதீர்கள் என்றார்.

அந்தக் குளிர்காலம் எஞ்சினை முழுதாகப் பிரித்தேன். குழாயின் அடைப்பானைச் சூடாக்கித் திருகி எடுத்தபோது உள்ளே ஈரக் களிமண்போல இறுகிய கறுப்புக் கசடு. நடுவில் பென்சில் நுழையுமளவு வழி மட்டும் மிச்சம். சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். எஞ்சின் பெஞ்சில் கிடந்த மூன்று மாதமும் கேஜ் சுவரில் ஓர் ஆணியில், ஹோஸின் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு தொங்கியது. மார்ச்சில் எல்லாவற்றையும் பூட்டி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிக்கரை மெதுவாக மிதிக்க ஆரம்பித்தேன். கிராங்கின் வழிகள் நிறையும்வரை முள் பூஜ்யத்திலேயே இருந்தது. பிறகு, ஒவ்வொரு மிதிக்கும் ஒரு கோடாக, நகர்ந்தது.