ஒளிரும் வாகன விளம்பர உறை

வண்டியின் மேல் ஒட்டும் வினைல் விளம்பரத்தை இரவிலும் தெரியச் செய்யும் முறை. படத்துக்கு அடியில் துத்தநாக சல்பைடு பூசிய மெல்லிய தாள் இருக்கும். மாறுமின்னோட்டம் பாய்ந்ததும் அது அதிகம் சூடேறாமல் சீராக ஒளிரும். இவ்விளைவை 1936இல் வெளிப்படுத்தியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் ஜார்ஜ் டெஸ்ட்ரியோ. பேட்டரியிலிருந்து ஓட்ட இன்வெர்ட்டர் வேண்டும். ஓரத்தில் ஈரம் புகுந்தால் அந்த இடம் கறுத்துவிடும். நம் ஐப்பசி மழைக்கு இது பெரிய குறை. விழுப்புரம்–திருவண்ணாமலை சாலையிலுள்ள கண்டாச்சிபுரம் போன்ற ஊர்களுக்கு இரவு விளம்பரம் பெரும்பாலும் எல்இடி திரை கட்டிய வேனில்தான் வருகிறது. விளம்பரம் எப்படி ஒளிர்ந்தாலும் நிறத்துக்கு வரம்பு உண்டு: மத்திய மோட்டார் வாகன விதி 108, முன்பக்கம் சிவப்பு விளக்கையும் பின்பக்கம் சிவப்பல்லாத விளக்கையும் பொதுவாகத் தடுக்கிறது. தெருவிளக்கில்லாத சாலையில் வண்டி வருகிறதா போகிறதா என்பதை அந்த நிறத்தை வைத்தே அறிய வேண்டியிருப்பதால், விளம்பரத்துக்காக இதைத் தளர்த்தவே கூடாது.