ஆதியிலிருந்தே இருந்ததா ஜமீன்?

சிவகங்கைச் சீமையில் என் அப்பத்தா காலத்தை இரண்டாகத்தான் பிரிப்பாள்: 'சமீன் இருந்தப்ப', 'சமீன் போனப்புறம்'. எப்ப வந்துச்சு என்று கேட்டால், "அது ஆதியில இருந்தே இருக்குடா" என்பாள். எம்.ஏ. தமிழ் வகுப்பிலும் ஏறக்குறைய இதையேதான் படித்தேன். ஜமீன்கள் புலவரைப் புரந்தன. அது நமது பழைய நிலவுடைமைச் சமூகம்.

'ஜமீன்' என்ற சொல்லே பாரசீகம். மதுரை நாயக்கர் காலத்தில் இங்கிருந்தவை பாளையங்கள். பாளையக்காரர் கப்பம் கட்டினார், படை அனுப்பினார், ஊர்களில் காவல் வரி வாங்கினார். அவர் நல்லவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவரது அதிகாரம் வாளில் இருந்தது, சொத்துப் பத்திரத்தில் அல்ல.

அந்த வாளைக் கம்பெனி பிடுங்கியது. 1799இல் கயத்தாறில் கட்டபொம்மன், 1801இல் திருப்பத்தூரில் மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்டார்கள். பிறகு, 1793இல் வங்காளத்தில் கார்ன்வாலிஸ் கொண்டுவந்த நிரந்தர நிலவரித் திட்டம் 1802ஆம் வருஷத்து 25ஆம் ரெகுலேஷனாகச் சென்னை மாகாணத்துக்கு வந்தது. 1803இல் ராமநாதபுரமும் சிவகங்கையும் அதன்படி ஜமீன்களாயின. கம்பெனிக்குக் கட்டும் பேஷ்குஷ் என்றைக்கும் ஒரே தொகை. பாக்கி விழுந்தால் ஜமீனே ஏலம். அதே வருஷத்து 28ஆம் ரெகுலேஷன், வாரம் கட்டாத குடியானவனின் விளைச்சலை, கோர்ட்டுக்குப் போகாமலே ஜமீன்தார் ஜப்தி செய்ய வழிவிட்டது. ஜமீன் நிலத்தில் குடியானவனின் சாகுபடி உரிமையைச் சட்டம் உறுதிசெய்ய 1908 வரை ஆயிற்று. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோதும் நஷ்டஈடு ஜமீன்தாருக்குத்தான்.

நம்மிடையே இரண்டு கதைகள் புழங்குகின்றன. ஜமீன் என்பது ஏகாதிபத்தியத்துக்கு முந்தைய பழமையின் மிச்சம் என்பது ஒன்று. எதிர்த்தவர் வீரர், எட்டயபுரம் போல் கம்பெனியோடு நின்றவர் துரோகி, அவ்வளவுதான் வரலாறு என்பது மற்றொன்று. முதல் கதை கம்பெனியைத் தப்பவிடுகிறது. இரண்டாவதில் குடியானவனைக் காணோம்.

இலக்கியம் படிக்கிற நமக்கு இதில் பொறுப்பு உண்டு. பேஷ்குஷ் நிலையான தொகை. குடியிடம் கறந்ததில் அது போக மிச்சமெல்லாம் ஜமீனுக்கு. புலவருக்குப் போர்த்திய பொன்னாடை அந்த மிச்சத்திலிருந்து வந்தது. கொடைச் சிறப்பை மட்டும் எழுதிவிட்டு, அது யார் வயலில் விளைந்தது என்று கேட்காத இலக்கிய வரலாற்றை நானும் எழுதியிருக்கிறேன்.

அப்பத்தாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவளது 'ஆதி' 1803இல் தொடங்குகிறது.