எழுதியாச்சு என்று சொல்லும் முன்

அம்மாவின் கணக்கிலிருந்து தம்பியின் கணக்குக்கு 500 ரிங்கிட் அனுப்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அம்மா கணக்கில் கழித்தாயிற்று. தம்பி கணக்கில் சேர்ப்பதற்குள் கரண்டு போய்விட்டது. அந்த 500 இப்போது எங்கே?

1970களில் கலிபோர்னியாவின் சான் ஹோசேயில், ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் சிஸ்டம் ஆர் என்ற தரவுத்தளத்தைக் கட்டியவர்களுக்கு இதுதான் தலைவலி. ஜிம் கிரே அவர்களில் ஒருவர். பழைய பக்கத்தின் மேலேயே எழுதாமல் புதியதை வேறிடத்தில் எழுதி, பழையதை நிழல்போல வைத்திருந்தார்கள். கூடவே, நடப்பதைக் குறித்துவைக்க ஒரு குறிப்பேடும் இருந்தது. பெரிய கோப்புகளுக்கு நிழல் பக்கம் சரிப்பட்டு வரவில்லை, குறிப்பேட்டையே நம்பியிருக்கலாம் என்று 1981-இல் அவர்களே எழுதினார்கள்.

குறிப்பேட்டின் விதி மளிகைக்கடைக்காரருக்கும் தெரிந்ததுதான். பேரேட்டில் கை வைக்கும் முன் குறிப்பேட்டில் எழுது. அந்தக் குறிப்பு வன்தட்டில் பத்திரமாகச் சேர்ந்த பிறகே 'முடிந்தது' என்று சொல்.

சரி, மின்சாரம் திரும்பியதும் அதை எப்படி வாசிப்பது? 1992-இல் வெளியான ஏரீஸ் முறை பதில் சொன்னது. அதன் முதல் ஆசிரியர் சி. மோகன், சென்னை ஐஐடியில் படித்தவர். எது எது பாதியில் நின்றது என்று ஏரீஸ் முதலில் பார்க்கிறது. பிறகு, விழுந்த நொடிவரை நடந்த அனைத்தையும் மறுபடி நடத்துகிறது, பாதியில் நின்றவற்றையும் சேர்த்து. அதற்குப் பிறகே பாதி வேலைகளைப் பின்னோக்கி அழிக்கிறது. 500 ரிங்கிட் அம்மாவிடமே திரும்பிவிடும். நடுக்கட்டத்துக்கு அவர்கள் வைத்த பெயர்: வரலாற்றைத் திரும்ப நடத்துதல்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2001-இல் குறிப்பேட்டு முறைக்கு வந்தது. 2018-இல்தான் ஓட்டை தெரிந்தது. நினைவகத்தில் இருப்பதை வன்தட்டில் சேர்க்கச் சொல்லும் கட்டளை எஃப்சிங்க். அது தோற்றால் போஸ்ட்கிரெஸ் மறுபடி கேட்கும். லினக்ஸோ, எழுத முடியாத பக்கங்களையும் 'எழுதியாச்சு' என்று குறித்திருக்கும். இரண்டாம் முறை 'சரி' என்றே பதில் வரும். அதை நம்பிப் பழைய குறிப்புகள் நீக்கப்படும். தரவு போச்சு, சத்தமே இல்லாமல்.

2019-இல் வந்த திருத்தத்தின்படி, எஃப்சிங்க் தோற்றால் போஸ்ட்கிரெஸ் மறுபடி கேட்பதில்லை. தானே நின்றுவிடுகிறது. மறுபடி எழுந்து, குறிப்பேட்டிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப நடத்துகிறது. கரண்டு போவதற்காகக் கண்டுபிடித்த வழியே பொய்யான ஒரு 'சரி'க்கும் மருந்தானது. சேர்ந்ததா என்று தெரியாதபோது 'சேர்ந்தது' என்று சொல்வதைவிட, விழுந்து எழுவதே மேல்.